விறகு ஸ்டவ்வை மாற்றப்போகிறீர்களா? மறுபடியும் விறகுக்கே போகாதீர்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டலுக்கு வடக்கே இருக்கும் ஸ்னோஹோமிஷ் கவுண்டியில் மேரிஸ்வில், ஆர்லிங்டன் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே வருகிறார்கள். பெல்வியூ, ரெட்மண்ட் விலை கட்டுப்படியாகாமல் வடக்கே வந்தவர்களில் நாங்களும் உண்டு. இங்கே நம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பதெல்லாம் 1970களிலும் 80களிலும் கட்டிய வீடுகள்தான். அவற்றில் பலவற்றில் ஹாலின் ஒரு மூலையில் கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். சமையலுக்கானது அல்ல, வீட்டைச் சூடாக்குவதற்கான விறகு ஸ்டவ். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போகும். ஏஜென்ட்டும் அதைக் காட்டித்தான் ஹாலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அதை என்ன செய்வது என்று இந்தக் குளிர்காலத்தில் பல பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். "பழைய ஸ்டவ்வைக் கொடுத்தால் தள்ளுபடி தருகிறார்களாமே, அதை வைத்துப் புதுசாக ஒரு விறகு ஸ்டவ் வாங்கிவிடலாமா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. என் பதில் ஒன்றுதான். தள்ளுபடியைக் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அந்தப் பணத்தை மறுபடியும் விறகில் போடாதீர்கள், வீட்டைச் சூடாக்கவும் செய்யும் ஏசியான ஹீட் பம்புக்கு மாறிவிடுங்கள். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உங்கள் ஸ்டவ் எந்த வகை என்று பாருங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமான இபிஏ, விறகு ஸ்டவ்களுக்கு முதன்முதலில் விதி கொண்டுவந்தது 1988இல். அதன்படி சான்று பெற்ற ஒவ்வொரு ஸ்டவ்விலும் நிரந்தரமாகப் பதித்த ஓர் உலோகத் தகடு இருக்கும். மணிக்கு எத்தனை கிராம் புகைத் துகள் என்பதும் பல தகடுகளில் எழுதியிருக்கும். தகடே இல்லையென்றால் அது சான்றில்லாத பழைய ஸ்டவ். எங்கள் வீட்டில் இருந்தது அந்த வகை. கனமான எஃகுத் தகட்டைப் பற்றவைத்துச் செய்தது, கண்ணாடி கிடையாது, கதவில் திருகி மூடும் இரண்டு காற்றுத் துளைகள் மட்டும்.

அந்தத் துளைகளில்தான் பிரச்சினையே இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் விறகுக்குப் போனார்கள். அப்போது வந்த ஸ்டவ்களின் பெருமையே, ராத்திரி நிறைய விறகை அடைத்துக் காற்றைக் குறைத்துவிட்டால் காலைவரை கனன்றுகொண்டிருக்கும் என்பதுதான். காற்று போதாத நெருப்பு விறகை முழுதாக எரிக்காது. விறகிலிருந்து வரும் வாயுக்களும் தாரும் எரியாமல் அப்படியே புகையாக மேலே போகும். பழைய ஸ்டவ் ஒன்று மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை நுண்துகள் கக்கும் என்பது இபிஏ சொல்லும் கணக்கு. 2020 மே மாதத்திலிருந்து விற்கும் புதிய ஸ்டவ்வுக்கு வரம்பு 2 கிராம். சாதாரணப் பிளந்த விறகை வைத்துச் சோதித்தால் 2.5 கிராம். சில ஆண்டுகளுக்கு முன் இபிஏ வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சுமார் 1 கோடி விறகு ஸ்டவ்கள் இருந்தன, அதில் 65 சதவீதம் பழைய வகை.

வாஷிங்டன் மாநிலத்தில் சான்றில்லாத ஸ்டவ்வை விற்கவும் முடியாது, சும்மா தூக்கிக் கொடுக்கவும் முடியாது. பக்கத்து மாநிலமான ஒரேகனில் 2010 ஆகஸ்டிலிருந்து வீடு கைமாறும்போதே அதைக் கழற்றி அழித்தாக வேண்டும். நம் மாநிலத்திலும் அந்த விதி இருந்திருந்தால் எங்கள் வீட்டுக்குள் அது வந்தே இருக்காது.

எங்கள் பக்கத்துக் குளிர்காலம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மழையும் காற்றும் இருக்கும் நாள்களில் புகை பெரிய விஷயமாகத் தெரியாது. மழை நின்று, வானம் தெளிந்து, காற்றே இல்லாமல் குளிர் இறங்கும் ராத்திரிகள்தான் மோசம். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தங்கிவிடும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று வந்து பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தெருவில் எத்தனை புகைபோக்கிகள் இருக்கின்றனவோ அத்தனையின் புகையும் மூக்கு மட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த மாதிரி நாள்களில்தான் பியூஜெட் சவுண்ட் சுத்தக் காற்று முகமை எரிப்புத் தடை போடும். முதல் கட்டத் தடையில் திறந்த கணப்பும் சான்றில்லாத ஸ்டவ்வும் கூடாது. இரண்டாம் கட்டத்தில் சான்று பெற்றதும்கூடக் கூடாது, மரத்தூளை அழுத்திச் செய்த சின்னத் துண்டுகளை எரிக்கும் பெல்லட் ஸ்டவ்வும் கூடாது. வீட்டைச் சூடாக்க வேறு வழியே இல்லை என்று விலக்கு பெற்றவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. யோசித்துப் பாருங்கள், மிகக் குளிரான ராத்திரியில்தான் இந்தத் தடை வருகிறது. நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய புது விறகு ஸ்டவ் அன்றைக்குத்தான் உதவாமல் நிற்கும்.

என் மகளுக்கு வீசிங் உண்டு. அவளுக்காகத்தான் பர்ப்பிள்ஏர் சென்சார் ஒன்றை வாங்கி ஹாலில் வைத்தேன். காற்றில் துகள் கூடக் கூட அதன் விளக்கு நிறம் மாறும். விறகு போட ஸ்டவ் கதவைத் திறந்தால் பச்சையாக இருந்தது மஞ்சளாகும், சில நேரம் சிவப்பு வரைக்கும் போய், பச்சைக்குத் திரும்ப ரொம்ப நேரம் பிடிக்கும். கண்ணுக்கு ஒரு சுருள் புகைகூட வெளியே வந்த மாதிரி தெரியாது. கதவின் ஓரத்தில் இருக்கும் கயிற்று கேஸ்கெட்டை மாற்றினேன். ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் வாங்கி, 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த விறகை மட்டும் போட்டோம். இரண்டும் செய்ய வேண்டியவைதான், அதனால் புகை குறைந்ததும் உண்மை. ஆனாலும் விளக்கு மாறுவது நிற்கவில்லை. இந்தத் துகள் முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான், நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். பென்சீன், பார்மால்டிஹைடு எல்லாம் அந்தப் புகையில் உண்டு. இயற்கையான விறகு, அதன் புகை ஒன்றும் செய்யாது என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு இன்ஹேலரோடு குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

சரி, ஸ்டவ்வை மாற்றினால் உண்மையிலேயே பலன் உண்டா? இதற்கு அழகான ஓர் உதாரணம் இருக்கிறது. மான்டனா மாநிலத்தில் லிபி என்று ஒரு சின்ன ஊர், மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்து பிஎம் 2.5 எனும் நுண்துகளில் ஏறக்குறைய 80 சதவீதம் விறகு ஸ்டவ்விலிருந்து வந்தது. 2005 முதல் 2007 வரை ஊரில் இருந்த பழைய ஸ்டவ்களில் 1,100க்கும் மேற்பட்டவற்றை மாற்றினார்கள். குளிர்காலத் துகள் அளவு சுமார் 30 சதவீதம் இறங்கியது. பிள்ளைகளுக்கு வீசிங் குறைந்ததாகப் பெற்றோர்கள் சொன்னதை மான்டனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து மாறினால் ஊர்க் காற்று மாறும் என்பதற்கு இது போதும்.

ஆனால் லிபியில் போட்டதும் பெரும்பாலும் புதிய விறகு ஸ்டவ்தான். அதே பல்கலைக்கழகக்காரர்கள் பிறகு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் விறகு எரிக்கும் வீடுகளை மான்டனா, ஐடஹோ, அலாஸ்காவில் எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளில் பழைய ஸ்டவ்வுக்குப் பதில் புதிய ஸ்டவ் வைத்தார்கள், சில வீடுகளில் ஸ்டவ்வைத் தொடாமல் காற்று வடிகட்டி மட்டும் வைத்தார்கள். வடிகட்டி வைத்த வீடுகளில் உள்காற்றுத் துகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. புது ஸ்டவ் வைத்த வீடுகளில் சொல்லும்படியாக எதுவும் குறையவில்லை. வெளிக்காற்று சுத்தமாவதும் வீட்டுக்குள் குழந்தை சுவாசிக்கும் காற்று சுத்தமாவதும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது இதைப் படித்தபோதுதான். எரிப்பது விறகு, திறப்பது கதவு. தகட்டில் என்ன எண் எழுதியிருந்தாலும் அது மாறப்போவதில்லை.

அந்தத் தகட்டு எண்ணையாவது நம்பலாமா என்றால், அதிலும் கேள்வி இருக்கிறது. 2023 பிப்ரவரியில் இபிஏவின் சொந்தத் தணிக்கை அலுவலகமே ஓர் அறிக்கை கொடுத்தது. ஸ்டவ்கள் கடைக்கு வருமுன் முறையாகச் சோதித்துச் சான்று தரப்படுகின்றன என்பதற்கு இந்தத் திட்டம் போதிய உறுதி தரவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஸ்டவ் மாற்றும் திட்டங்களுக்கு சுமார் 8.2 கோடி டாலர் மானியம் போயிருக்கும் நிலையில், மாற்றி வைத்த ஸ்டவ்வே சுத்தமானதா என்பதில் சந்தேகம் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. நமது வரிப்பணம் அது. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் காற்று மிக மோசமாக இருக்கும் கவுண்டிகளில், விறகிலிருந்து விறகுக்கு மாறத் தள்ளுபடி தருவதை நிறுத்தி, காஸுக்கோ மின்சாரத்துக்கோ மாறினால் மட்டும் தருகிறார்கள். அதுதான் சரியான முடிவு. எல்லாத் திட்டங்களும் அந்த வழிக்கு வர வேண்டும்.

இனி ஹீட் பம்ப். நாம் எல்லோரும் பார்த்த ஸ்பிளிட் ஏசிதான், குளிர்காலத்தில் திருப்பி ஓடி வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை ஓடும் மாடல்கள் வந்துவிட்டன. எங்கள் பக்கம் குளிர் அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை. வாஷிங்டனில் மின்சாரத்தின் பெரும்பகுதி அணைகளிலிருந்து வருகிறது. அதனால் உங்கள் புகைபோக்கியிலிருந்து எடுத்த புகையை வேறொரு ஊர்க்காரன் தலையில் கொட்டுகிற வேலையும் பெரிதாக இல்லை.

இன்னொன்று, கோடை. 2021 ஜூன் 28 அன்று சியாட்டலில் 108 டிகிரி பாரன்ஹீட் வெயில் அடித்ததை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வந்து உட்கார்ந்தபோது ஜன்னலைத் திறக்கவும் முடியவில்லை, மூடி வைக்கவும் முடியவில்லை. பழைய வீடுகளில் ஏசி கிடையாது. ஹீட் பம்ப் இருந்தால் ஜன்னலை மூடிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். விறகு ஸ்டவ்வுக்குக் கொடுக்கும் பணத்தில் இது கிடைக்காது.

என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கரண்ட் போனா என்னம்மா பண்றது?" நியாயமான கேள்வி. 2024 நவம்பர் 19 ராத்திரி அடித்த காற்றில் மேற்கு வாஷிங்டனில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சிலருக்கு நாள்கணக்கில் வரவே இல்லை. விறகு ஸ்டவ்வை விட மனசில்லாதவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் இதுதான், அதை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். "ஏங்க, வருஷத்துல சில நாள் கரண்ட் போகுதுன்னு குளிர்காலம் பூரா பிள்ளைய புகையில வைக்கணுமா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் உட்கார்ந்து வழி பார்த்தோம். சின்ன ஜெனரேட்டர் ஒன்று வாங்கினோம், குளிர் தாங்கும் தூங்கும் பைகள் வாங்கினோம், ஒரே அறையில் எல்லோரும் தங்குவது என்று முடிவு செய்துகொண்டோம். ஜெனரேட்டர் வைப்பவர்கள் தயவுசெய்து அதை வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால், வெளியில் மட்டும் வையுங்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும். 2006 டிசம்பர் புயலில் மின்சாரம் போனபோது கரியை வீட்டுக்குள் எரித்தும் ஜெனரேட்டரை உள்ளே ஓட்டியும் இந்த மாநிலத்தில் பலர் இறந்துபோனார்கள், அதில் புதிதாகக் குடியேறி வந்த குடும்பங்களும் இருந்தன. பெல்லட் ஸ்டவ் வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பெல்லட்டைத் தள்ளும் திருகும் காற்றாடியும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.

தள்ளுபடி விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் விண்ணப்பம், அடுத்து அவர்கள் ஒப்புதல், அதற்குப் பிறகுதான் வாங்குவதும் பொருத்துவதும். எங்களுக்கு மதிப்பீடு கொடுக்க வந்த ஒரு கான்ட்ராக்டர், "இப்போ போட்டுடலாம், பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அவரை அனுப்பிவிட்டேன். அவரைப் போல ஒருவர் பேச்சைக் கேட்டு எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பணத்தைக் கட்டிவிட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு நின்றது. பல திட்டங்களில் அங்கீகரித்த கான்ட்ராக்டர் பட்டியல் இருக்கும், அதற்கு வெளியே போனால் காசு வராது. விண்ணப்பத்தோடு ஸ்டவ் அதன் இடத்தில் நிற்கும் போட்டோ கேட்பார்கள். ஆகவே அவசரப்பட்டுக் கழற்றி கராஜில் போட்டுவிடாதீர்கள். பணம் ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்குவது, தீர்ந்தால் மூடிவிடுவார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது கவுண்டி, வருமானம், எதற்கு மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சும்மா ஸ்டவ்வைக் கொடுப்பதற்குச் சில நூறு டாலர் என்பதிலிருந்து, வருமானம் குறைந்த வீடுகளுக்குக் கிட்டத்தட்ட முழுச் செலவும் என்பது வரை உண்டு. இதோடு, நமக்கு மின்சாரம் தரும் உள்ளூர் நிறுவனமான பியூடி (PUD) ஹீட் பம்புக்குத் தனியாகத் தரும் தள்ளுபடியையும் சேர்க்க முடியுமா என்று ஸ்டவ் திட்டத்திலும் பியூடியிலும் கேளுங்கள்.

மத்திய அரசின் வரிச் சலுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹீட் பம்ப் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் என்று இருந்த அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பொருத்தினால் கிடையாது. இன்னும் அதைக் காட்டி விலை சொல்கிற விற்பனையாளர் யாராவது வந்தால் ஜாக்கிரதையாக இருங்கள்.

பழைய ஸ்டவ்வை எடுத்த நாளைக் கொஞ்சம் சொல்கிறேன். வந்த இரண்டு பேரும் முதலில் கதவின் கீல் ஊசிகளைத் தட்டி எடுத்துக் கதவைத் தனியாக வைத்தார்கள். உள்ளே சுவரில் அடுக்கியிருந்த தீச்செங்கல்களை ஒவ்வொன்றாக உருவினார்கள். பழைய இரும்புக் கடையில் செங்கலோடு எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். குழாயைக் கழற்றியபோது உள்பக்கம் முழுக்கக் கண்ணாடி மாதிரி மினுங்கும் கறுப்புப் பூச்சு, விரலால் தட்டினால் சில்லுச்சில்லாக உதிர்ந்தது. எரியாமல் போன புகை குளிர்ந்து படிந்த கிரியோசோட் அது. அதுவே தீப்பிடித்தால் புகைபோக்கித் தீ, கூரை வரைக்கும் போகும். இதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு என் கணவர் ஸ்டவ்வைப் பற்றிப் பேசவில்லை. பழைய ஸ்டவ்வை அழித்ததற்கான ரசீது இல்லாமல் தள்ளுபடி வராது. ரசீதில் தேதியும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். மேலே கூரையில் ஓட்டையை மூடும் செலவைச் சிலர் மதிப்பீட்டில் சேர்க்க மாட்டார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டுக்குள் சென்சார் விளக்கு குளிர்காலத்தில் பெரும்பாலும் பச்சையில் நிற்கிறது. காற்றில்லாத ராத்திரிகளில் மட்டும் தெருவின் புகை உள்ளே வருகிறது, அதற்கு மகள் அறையில் ஹெப்பா வடிகட்டி ஓடுகிறது. அவள் இன்ஹேலர் எடுப்பது குறைந்திருக்கிறது. அவள் வளர்ந்ததாலும் இருக்கலாம், டாக்டர் அப்படித்தான் சொன்னார். எனக்கு இரண்டும் சந்தோஷம்தான்.

புகை அதிகம் வருவது எதிர்வீட்டிலிருந்து. அங்கே தனியாக இருக்கும் வயதான அம்மாவுக்கு நுரையீரல் நோய், ஆனால் வீட்டைச் சூடாக்க அவரிடம் இருப்பது ஒரு பழைய ஸ்டவ்வும் சுவரோரத்தில் அரைகுறையாக ஓடும் பேஸ்போர்டு மின் ஹீட்டரும்தான். அவரைப் போன்றவர்களுக்குத்தான் இந்தத் திட்டம் முதலில் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பம் முழுக்க இணையத்தில், வருமானச் சான்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும் என்றால் அவர் எப்படிச் செய்வார்? போன மாதம் அவருடைய சோஷியல் செக்யூரிட்டிக் கடிதத்தையும் மின்கட்டண ரசீதையும் வாங்கி நானே ஏற்றிவிட்டேன். ஸ்டவ்வின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்தேன், தகடு கிடையாது. ஒப்புதல் இன்னும் வரவில்லை. வரும்வரை காய்ந்த விறகை மட்டும் எரிக்கட்டும் என்று எங்களிடம் மீந்திருந்ததை அவர் வீட்டுக் கொட்டகையில் அடுக்கிக் கொடுத்திருக்கிறோம். ஈரப்பத மீட்டரும் இப்போது அவரிடம்தான் இருக்கிறது.